பெருந்திரையின் விலை

தொலைக்காட்சியைப் பற்றி வானொலியில் பேசுவது, அயல் வீட்டுப் பிள்ளையைப் பற்றி நம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பேசுவதைப் போன்றது என்று சிலர் எண்ணக்கூடும். உண்மை அஃதன்று. நம் நாட்டில் தொலைக்காட்சி பிறந்து வளர்ந்தது வானொலியின் வீட்டில்தான். 1959-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 15-ஆம் நாள் தில்லியில் அதனைத் தொடங்கி வைத்தது அகில இந்திய வானொலியே. 1976-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் ‘தூர்தர்ஷன்’ என்ற பெயரில் அது தனிக்குடித்தனம் போயிற்று. ஆகவே, பிறந்த வீட்டார் என்ற உரிமையோடு அதனைப் பற்றிச் சிறிது நேரம் உங்களோடு பேச விரும்புகிறேன்.

நான் எடுத்துக்கொண்டுள்ள கேள்வி மிக எளியது. வீட்டிற்குப் பெரிய தொலைக்காட்சிப் பெட்டி ஒன்று வாங்க வேண்டும், கையிலுள்ள பணமோ நடுத்தரமானது, எதனைத் தேர்ந்தெடுப்பது? இக்கேள்வியைக் கடைக்காரரிடம் அன்றோ கேட்க வேண்டும், வரலாற்றுப் பேச்சில் இதற்கு என்ன வேலை என்று நீங்கள் வினவலாம். நான் இதனை வரலாற்றுக் கேள்வி என்றே கருதுகிறேன். கடையின் சுவரில் வரிசையாக மாட்டப்பட்டிருக்கும் திரைகளின் கீழே எழுதப்பட்டுள்ள ஒவ்வோர் எண்ணும், ஒவ்வொரு காலத்தில் ஒவ்வொரு காரணத்தால் பிறந்தது. அக்காரணத்தை அறிந்தவர் எதற்குப் பணம் கொடுக்கிறோம் என்பதை அறிவார். அறியாதவர், தம் கண்ணால் காணவே இயலாத ஒன்றிற்கு மாதாமாதம் தவணை கட்டிக்கொண்டிருப்பார். மேலும், இன்று பல வீடுகளில் இத்தகைய பொருள்களை வாங்கும்போது பெற்றோர் கருத்துக் கேட்பது படிக்கும் பிள்ளைகளைத்தான். பெற்றோர் பல மாதம் சேர்த்த பணம் உங்கள் சொல்லை நம்பிச் செலவாகப் போகிறது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே கேளுங்கள்.

முதலில் திரையின் இளமைப் பருவத்தைக் காண்போம். 1926-ஆம் ஆண்டு ஜனவரி 26-ஆம் நாள், இலண்டன் மாநகரின் சோஹோ பகுதியில், ஜான் லோகி பேர்டு என்ற ஸ்காட்லாந்துக்காரர் தம் மேல்மாடி அறையில் அறிஞர் சிலருக்குத் தொலைக்காட்சியைச் செய்து காட்டினார். சுழலும் வட்டத் தகட்டின் துளைகள் வழியே படம் 30 வரிகளாகப் பிரிக்கப்பட்டு, மீண்டும் ஒன்று சேர்க்கப்பட்டது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடக்கூடிய அப்படத்தில் ஒரு மனித முகத்தை அடையாளம் காண முடிந்தது என்பதே அன்று உலகு வியந்த செய்தி. சுழலும் தகட்டைக் கொண்டு பெரிய படம் காட்டுவது கடினம். வரிகள் கூடக்கூடத் தகடும் பெரிதாக வேண்டும். 1936-ஆம் ஆண்டு நவம்பரில் பி.பி.சி. நிறுவனம் இலண்டனில் ஒழுங்கான ஒளிபரப்பைத் தொடங்கியபோது, பேர்டின் 240 வரி முறையும், மார்கோனி–இ.எம்.ஐ. நிறுவனத்தாரின் 405 வரி முறையும் மாறி மாறிப் பயன்படுத்தப்பட்டன. சில திங்களுக்குள் பேர்டின் முறை கைவிடப்பட்டது. வென்றது எலெக்ட்ரான் கதிர் பாயும் கண்ணாடிப் படக்குழாய்.

அடுத்த எழுபது ஆண்டுகளுக்குத் தொலைக்காட்சி என்றால் இக்கண்ணாடிக் குழாய்தான். பெரிய திரை என்பது ஏன் செல்வர்க்கு மட்டுமே உரியதாய் இருந்தது என்பதற்கு விடையும் இக்குழாயிலேயே உள்ளது. குழாயின் உள்ளே காற்று இல்லை, வெற்றிடம். வெளியே நாம் வாழும் வளிமண்டலம், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மீதும் ஏறத்தாழ ஒரு கிலோகிராம் எடைக்கு ஈடான விசையோடு அழுத்திக்கொண்டிருக்கிறது. 40 சென்டிமீட்டர் அகலமும் 30 சென்டிமீட்டர் உயரமும் உள்ள முகப்பின் பரப்பு 1,200 சதுர சென்டிமீட்டர். அப்படியாயின், நம் வீட்டுக் கூடத்தில் அமைதியாக நின்ற பழைய 20 அங்குலப் பெட்டியின் முகக் கண்ணாடி, இரவும் பகலும் 1,200 கிலோகிராமுக்கு மேற்பட்ட சுமையைத் தாங்கி நின்றது! அகலத்தையும் உயரத்தையும் இரட்டித்தால் சுமை நான்கு மடங்காகும். அதனைத் தாங்கக் கண்ணாடி தடிக்க வேண்டும். கண்ணாடி தடித்தால் எடை ஏறும். எடை ஏறினால் விலை ஏறும். கதிர் திரையின் மூலைகளை எட்டுவதற்குக் குழாய் பின்னோக்கி நீளவும் வேண்டும்.

இந்த நீளத்தால் வந்த ஒரு வேடிக்கையைச் சொல்கிறேன். 1939-ஆம் ஆண்டு நியூயார்க்கில் நடைபெற்ற உலகப் பொருட்காட்சியில் ஆர்.சி.ஏ. நிறுவனம் தன் முதல் வீட்டுப் பெட்டிகளை வெளியிட்டது. அவற்றுள் உயர்ந்ததில் இருந்தது 12 அங்குலக் குழாய். அக்குழாய் மிக நீளமாக இருந்தமையால் அதனைப் படுக்கை வசமாக வைக்க இயலவில்லை. பேழைக்குள் செங்குத்தாக நிறுத்தினார்கள். திரை வானத்தைப் பார்த்து நின்றது. பேழையின் மூடியில் ஒரு கண்ணாடியைப் பதித்து, அதில் விழும் பிம்பத்தை மக்கள் பார்த்தார்கள். விலை 600 டாலர். அந்நாளில் அந்நாட்டில் ஒரு புதிய மோட்டார் வண்டியையே ஏறத்தாழ அத்தொகைக்கு வாங்கலாம். 1954-ஆம் ஆண்டு அதே நிறுவனம் 15 அங்குலக் குழாயோடு வண்ணப் பெட்டியை விற்றபோது அதன் விலை 1,000 டாலராக இருந்தது.

குழாயின் வளர்ச்சி எங்கே முடிந்தது என்பதையும் பார்த்துவிடுவோம். 1980-களின் இறுதியில் சோனி நிறுவனம் 43 அங்குலப் படக்குழாய்ப் பெட்டியொன்றைச் செய்தது. அதன் எடை ஏறத்தாழ 200 கிலோகிராம். அமெரிக்காவில் அதற்கு வைத்த விலை 40,000 டாலர். இன்று நடுத்தரக் குடும்பத்தினர் ஒருவர் கையில் தூக்கிச் செல்லும் 43 அங்குலத் திரை, அன்று நான்கு ஆட்கள் சேர்ந்து தூக்கவேண்டிய அரசர் வீட்டுப் பொருள். திரையின் அளவே விலையின் அளவாக இருந்த காலம் அது.

அளவுக்கு இத்தனை மதிப்பு இருந்தபடியால், அளவைப் பெருக்கிச் சொல்லும் ஆசையும் வணிகர்க்கு எழுந்தது. தொடக்கத்தில் குழாய்களின் முகம் வட்டமாக இருந்தமையால் அதன் விட்டத்தையே அளவாகக் கூறினர். பிறகு முகம் செவ்வகமானபோது, ஒரு மூலையிலிருந்து எதிர்மூலை வரையிலான மூலைவிட்டம் அளவாயிற்று. அதிலும், படம் தோன்றாத கண்ணாடி விளிம்பைச் சேர்த்து அளப்பது வழக்கமாக இருந்தது. 1966-ஆம் ஆண்டு அமெரிக்க அரசின் வணிக ஆணையம் தலையிட்டு, கண்ணுக்குத் தெரியும் படத்தின் அளவையே கூறவேண்டும், மூலைவிட்டத்தைக் கூறினால் அது மூலைவிட்டம் என்பதைத் தெளிவாக எழுதவேண்டும் என்று விதி செய்தது. 2018-ஆம் ஆண்டு, இனித் தேவையில்லை என்று அவ்விதி நீக்கப்பட்டது. இந்நிகழ்ச்சியிலிருந்து நாம் கற்கும் முதற்பாடம்: ஓர் எண்ணைக் கண்டவுடன், அது எதனை அளக்கிறது என்று கேட்க வேண்டும்.

கேட்டுப் பார்ப்போம். மூலைவிட்டம் என்பது ஒரு நேர்கோடு. நாம் காண்பதோ பரப்பு. 43 அங்குலத்திற்கும் 55 அங்குலத்திற்கும் இடையே 12 அங்குலந்தான் வேற்றுமை என்று தோன்றும். பரப்பைக் கணக்கிட்டால் பின்னது முன்னதைவிட 60 விழுக்காட்டிற்கு மேல் பெரியது. இதற்கு மறுபுறமும் உண்டு. பழைய பெட்டியின் அகல உயர விகிதம் நான்குக்கு மூன்று; இன்றைய திரையின் விகிதம் பதினாறுக்கு ஒன்பது. அகலம் மிகுந்து உயரம் குறைந்தபடியால், ஒரே மூலைவிட்டத்தில் புதிய திரையின் பரப்பு பழையதைவிட ஒன்பதில் ஒரு பங்கு குறைவு. இன்றைய 32 அங்குலத் திரையின் உயரம், பழைய 26 அங்குலப் பெட்டியின் உயரமே. பழைய பெட்டியை எடுத்துவிட்டுப் புதியதை வைத்த வீடுகளில், ‘எண் கூடிற்று, ஆள் வளரவில்லையே’ என்று பெரியவர்கள் சொன்னதற்கு இதுவே காரணம்.

இனி நம் நாட்டிற்கு வருவோம். இங்கே நெடுங்காலம் திரையின் அளவைத் தேர்ந்தெடுக்கும் கேள்வியே எழவில்லை. சென்னையில் தொலைக்காட்சி 1975-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் தொடங்கிற்று. அதே மாதத்தில், செயற்கைக்கோள் வழியாக ஆறு மாநிலங்களின் ஏறத்தாழ 2,400 சிற்றூர்களுக்குக் கல்வி ஒளிபரப்பும் ஓராண்டுச் சோதனையாகத் தொடங்கிற்று. ஊருக்கு ஒரு பெட்டி. அதன் முன் ஊரே அமரும். நகரங்களிலும் தெருவில் பெட்டியுள்ள வீடு ஒன்றோ இரண்டோதான். 1982-ஆம் ஆண்டு ஆசிய விளையாட்டுப் போட்டிகளையொட்டி வண்ணம் வந்தது. அதற்குப் பிறகே பெட்டி பல இல்லங்களில் குடியேறத் தொடங்கியது. 2006-ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டரசு இல்லந்தோறும் இலவசமாக வழங்கிய வண்ணப் பெட்டிகள் 14 அங்குலத்தவை. ‘நம் வீட்டில் தொலைக்காட்சி உண்டா?’ என்பதே கேள்வியாயிருந்த நாட்டில், ‘எத்தனை அங்குலம்?’ என்ற கேள்வி அண்மைக் காலத்தில் பிறந்ததே. பெரிய திரையை ஆடம்பரமாகக் கருதும் பழக்கம் அரசின் வரிப் பட்டியலிலும் இருந்தது. 32 அங்குலத்திற்கு மேற்பட்ட பெட்டிகளுக்கு 28 விழுக்காடாக இருந்த சரக்கு சேவை வரி, 2025-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள்தான் சிறியவற்றைப் போல் 18 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது.

அப்படியாயின், அரசர் வீட்டுப் பொருள் நடுத்தரக் குடும்பத்தின் கைக்கு எவ்வாறு எட்டியது? அதன் வேர் ஒரு காரட் கிழங்கில் இருக்கிறது என்றால் வியப்படைவீர்கள். 1888-ஆம் ஆண்டு பிராகு நகரில் பிரீட்ரிக் ரைனிட்சர் என்ற தாவர இயலார், காரட்டிலிருந்து பெற்ற கொலெஸ்டிரால் பொருளொன்றைச் சூடாக்கிப் பார்த்தார். அது 145 பாகைக்குச் சற்று மேல் உருகிக் கலங்கலான நீர்மமாயிற்று. 178 பாகைக்குச் சற்று மேல் தெளிந்தது. நீர்மம்போல் ஓடிக்கொண்டே படிகம்போல் ஒளியை மாற்றும் இவ்விந்தை நிலைக்குத் திரவப் படிகம் என்று பெயர். எண்பது ஆண்டுகள் அது ஆய்வுக்கூடத்து அதிசயமாகவே இருந்தது. 1968-ஆம் ஆண்டு ஜார்ஜ் ஹைல்மையர் என்பவரும் அவர் குழுவினரும், மின்சாரத்தால் திரவப் படிகத்தைக் கட்டுப்படுத்திப் படம் காட்டலாம் என்பதை அமெரிக்காவில் அறிவித்தனர். முதலில் அது கைக்கடிகாரத்திலும் கணக்கிடும் கருவியிலும் எண்களைக் காட்டப் பயன்பட்டது. இதற்குச் சற்று முன்பு, 1964-ஆம் ஆண்டு, இல்லினாய் பல்கலைக்கழகத்தார் மாணவர்க்குப் பாடம் கற்பிக்கும் கணிப்பொறிக்காகப் ‘பிளாஸ்மா’ என்னும் வேறொரு தட்டைத் திரையைச் செய்திருந்தனர்.

சுவரில் மாட்டும் பெருந்திரையாக முதலில் கடைக்கு வந்தது பிளாஸ்மா. 1997-ஆம் ஆண்டு 42 அங்குலப் பிளாஸ்மாவின் விலை ஏறத்தாழ 15,000 டாலர். அது படத்தரத்தில் சிறந்திருந்தும் 2014-ஆம் ஆண்டளவில் பெரும் நிறுவனங்களால் கைவிடப்பட்டது. திரவப் படிகம் நிலைத்தது. நிலைத்ததற்குக் காரணம் படத்தின் அழகைவிடத் தொழிற்சாலையின் கணக்கே என்று சொல்லலாம். அக்கணக்கு, வாங்குவோர்க்கு மிகவும் பயன்படுவது.

தையற்காரர் ஒரு துணியிலிருந்து சட்டைகளை வெட்டுவதைப்போல, திரை செய்வோர் ஒரு பெருங்கண்ணாடித் தகட்டிலிருந்து திரைகளை வெட்டுகின்றனர். 2,200 மில்லிமீட்டருக்கு 2,500 மில்லிமீட்டர் அளவுள்ள தகட்டிலிருந்து 55 அங்குலத் திரை ஆறு வெட்டலாம். வீணாகும் துண்டு மிகக் குறைவு. 2017-ஆம் ஆண்டு இறுதியில் சீனத்தின் ஹெஃபெய் நகரில், 2,940 மில்லிமீட்டருக்கு 3,370 மில்லிமீட்டர் அளவுள்ள தகட்டைக் கையாளும் தொழிற்சாலை இயங்கத் தொடங்கியது. அத்தகடு 65 அங்குலத் திரை எட்டிற்கு அளவெடுத்தாற்போல் அமைந்தது. இத்தகைய ஆலைகள் பெருகப் பெருகப் பெருந்திரையின் விலை சரிந்தது. இச்சரிவினால் வாங்குவோர் மகிழ்ந்தனர். செய்வோர் சிலர் நலிந்தனர். 2009-ஆம் ஆண்டு ஜப்பானின் சகாய் நகரில் உலகமே வியக்கத் திறக்கப்பட்ட மாபெரும் திரைத் தொழிற்சாலை, 2024-ஆம் ஆண்டு தொலைக்காட்சித் திரை செய்வதை நிறுத்திவிட்டது.

இரண்டாம் பாடம் இதுதான். அளவு என்பது இன்று மலிந்த பொருள். 43, 55, 65 போன்ற அளவுகள் தகட்டில் நன்கு பொருந்துவன, பெருமளவில் செய்யப்படுவன, ஆகவே பரப்போடு ஒப்பிடும்போது விலை குறைந்தவை. 40,000, 50,000 ரூபாய் அளவிலேயே 55 அங்குலப் பெட்டிகள் கிடைக்கின்றன. ஆனால், அளவு மலிந்தது என்பதற்காகத் திரையின் மற்றப் பண்புகளும் மலிந்துவிட்டன என்று எண்ணலாகாது. அப்பண்புகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் கண்ணைப் பற்றி ஒரு சொல். நல்ல பார்வையுள்ள மனிதக் கண், ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்குக் கோணத்தைப் பிரித்தறியும். அதற்கும் நுண்ணியவை ஒன்றாய்க் கலந்துவிடும். பழைய நம் ஒளிபரப்பில் 625 வரிகள். அவற்றுள் படத்திற்குப் பயன்பட்டவை ஏறத்தாழ 576. 30 சென்டிமீட்டர் உயரமுள்ள திரையில் இவ்வரிகள் கண்ணுக்குத் தெரியாமல் இருக்க வேண்டுமானால், 1.8 மீட்டர் தொலைவில் அமர வேண்டும். இது திரை உயரத்தைப்போல் ஆறு மடங்கு. ‘தள்ளி உட்கார்’ என்று தாய்மார் பிள்ளைகளை அதட்டியதில் இக்கணக்கும் மறைந்திருந்தது.

இன்றைய திரையில் வரிகளுக்குப் பதிலாகப் படப்புள்ளிகளைச் சொல்கிறோம். குறுக்கே 1,920, நெடுக்கே 1,080 என்பது ஒருவகை; 3,840, 2,160 என்பது ‘4 கே’ எனப்படும் மற்றொரு வகை; 7,680, 4,320 என்பது ‘8 கே’. 55 அங்குலத் திரையில் முதல்வகைப் புள்ளிகள் 2.2 மீட்டருக்கு அப்பால் கண்ணுக்குத் தனித்தனியே தெரியா. இரண்டாம் வகை 1.1 மீட்டருக்கு அப்பாலும், மூன்றாம் வகை அரை மீட்டரைச் சற்றுக் கடந்ததுமே மறைந்துவிடும். அரை மீட்டர் தொலைவில் அமர்ந்து எவரும் 55 அங்குலத் திரையைப் பார்ப்பதில்லை. ஆகவே நடுத்தரக் குடும்பத்தார் 8 கே என்ற எண்ணிற்குச் செலவிடும் ஒவ்வொரு ரூபாயும் கண்ணுக்கு எட்டாத பொருளுக்குச் செலவிட்டதாகும். 4 கே என்பதோ 55 அங்குலமும் அதற்கு மேலும் உள்ள பெட்டிகளில் இன்று பொதுவாகவே அமைந்துவிட்டது. அதற்கெனத் தனியே விலை கொடுக்க வேண்டியதில்லை.

அளவைத் தீர்மானிப்பதற்கும் கண்ணையே அளவுகோலாகக் கொள்ளலாம். திரை நம் பார்வையில் 30 பாகைக் கோணத்தை நிரப்பினால் படத்தில் ஒன்றிப்போக முடியும் என்பது திரைப்படத் தொழிலறிஞர் வகுத்த நெறி. இதன்படி, 43 அங்குலத் திரைக்கு ஏறத்தாழ 1.8 மீட்டர், 55 அங்குலத்திற்கு 2.3 மீட்டர், 65 அங்குலத்திற்கு 2.7 மீட்டர் பொருத்தமான தொலைவு. பத்தடி நீளமுள்ள கூடத்தில் நாற்காலியைச் சுவரோரம் போட்டு அமர்ந்தால், கண்ணுக்கும் திரைக்கும் இடையே எட்டடி, அதாவது 2.4 மீட்டர் இருக்கும். அவ்வீட்டிற்கு 55 அங்குலம் போதும். இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. பழைய தரத்தில் வரும் அலைவரிசைகள் இன்னும் இருக்கின்றன. 576 வரிப் படத்தைப் பெருந்திரையில் அருகிலிருந்து பார்த்தால், பழைய சிறு பெட்டியில் தெளிவாய் இருந்த முகம் இங்கே மங்கித் தோன்றும். அதற்குத் திரையைக் குறை கூறிப் பயனில்லை. வீட்டில் பெரும்பாலும் எதனைப் பார்க்கிறார்கள் என்பதை முதலில் எண்ணிப் பார்த்துப் பிறகே அளவை முடிவு செய்தல் வேண்டும்.

இனி நான் மிக முக்கியமாகக் கருதும் செய்திக்கு வருகிறேன். பழைய படக்குழாயில், கதிர் பட்ட இடம் ஒளிர்ந்தது. படாத இடம் இருண்டது. இருள் அங்கே இயற்கையாகக் கிடைத்தது. திரவப் படிகம் தானே ஒளிர்வதில்லை. அதன் பின்னே எப்போதும் ஒரு விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது. படிகம் சன்னல் கதவைப்போல் அவ்வொளியைத் திறந்தும் மூடியும் படம் வரைகிறது. எவ்வளவு இறுக மூடினாலும் கதவிடுக்கில் சிறிது ஒளி கசியும். அதனால் இரவுக் காட்சியில் கருமை சாம்பல் நிறமாகத் தெரியும். எண்ணற்ற ஆண்டுகளாய் இலவசமாகக் கிடைத்த இருளுக்கு, தட்டைத் திரையின் காலத்தில் விலை கொடுக்க வேண்டியதாயிற்று!

இக்கசிவைக் குறைக்கும் வழிகள் படிப்படியானவை, விலையும் அப்படியே. விளக்குகளைத் திரையின் விளிம்பில் மட்டும் வைப்பது ஒரு முறை. திரையின் பின்புறம் முழுதும் பரப்பி வைப்பது மற்றொன்று. பரப்பிய விளக்குகளைப் பகுதி பகுதியாகப் பிரித்து, படத்தில் இருண்ட இடத்திற்குப் பின்னுள்ள விளக்கை மட்டும் தணிப்பது இவற்றினும் மேலானது. படிக அமைப்பிலும் இருவகை உண்டு. ‘வி.ஏ.’ எனப்படுவதில் கருமை மிகும். பக்கவாட்டில் அமர்ந்தால் நிறம் வெளுக்கும். ‘ஐ.பி.எஸ்.’ எனப்படுவது பக்கத்திலிருந்தும் ஒரே மாதிரி தெரியும், கருமை குறையும். நேர் எதிரே இருவர் அமரும் வீட்டிற்கு முன்னதும், கூடம் நிறையச் சுற்றம் அமரும் வீட்டிற்குப் பின்னதும் பொருந்தும்.

பின்விளக்கே இல்லாமல் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் ‘ஓ.எல்.இ.டி.’ திரையும் உண்டு. 1987-ஆம் ஆண்டு கோடக் ஆய்வுக்கூடத்தில் டாங், வான் ஸ்லைக் என்ற இருவர் இதற்கு வழிகோலினர். 2007-ஆம் ஆண்டு இவ்வகைத் தொலைக்காட்சி முதன்முதலாகக் கடைக்கு வந்தபோது அதன் திரை 11 அங்குலமே. இதன் கருமை முழுமையானது, விலையும் உயர்ந்தது. நடுத்தரப் பணத்தில் இதனை வாங்க முயன்றால் அளவை வெகுவாகக் குறைக்க நேரும். பகுதி பகுதியாக விளக்குத் தணியும் திரவப் படிகத் திரையே இன்று நடுவழி என்று எனக்குத் தோன்றுகிறது.

இங்கே ‘எச்.டி.ஆர்.’ என்ற முத்திரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒளிமிக்க இடத்திற்கும் இருண்ட இடத்திற்கும் உள்ள இடைவெளியை விரிவாக்கிக் காட்டும் முறை அது. முத்திரை பெற்ற எல்லாப் பெட்டிகளும் அச்செய்தியைப் பெற்றுக்கொள்ளும். ஆனால் காட்டும் ஆற்றல் போதிய ஒளியும் நல்ல கருமையும் உடைய பெட்டிக்கே உண்டு. பகல் வெளிச்சம் நிறைந்த நம் வீடுகளில் ஒளி குறைந்த திரை, சன்னலின் பிம்பத்தைக் காட்டும் கண்ணாடியாகவே பயன்படும். ஆகவே மூன்றாம் பாடம்: அளவில் மிஞ்சிய பணத்தைப் புள்ளிகளில் போடாமல் ஒளியிலும் இருளிலும் போட வேண்டும்.

எஞ்சியவற்றைச் சுருக்கமாகக் கூறுகிறேன். திரை ஒரு நொடியில் எத்தனை முறை புதுப்பிக்கப்படுகிறது என்பதை ஹெர்ட்ஸ் என்ற அலகால் கூறுவர். திரைப்படம் நொடிக்கு 24 படங்களே உடையது. விளையாட்டுக் கணிப்பொறிகளை இணைத்து ஆடுவோர்க்கு 120 ஹெர்ட்ஸ் பயன் தரும்; நாடகமும் செய்தியும் காணும் வீட்டிற்கு 60 போதும். மெல்லிய உடலில் ஒலிபெருக்கிக்கு இடம் இல்லை. எனவே தொகையில் ஒரு பகுதியைத் தனி ஒலிபெருக்கிக்கு ஒதுக்குவது நன்று. பெட்டிக்குள் இருக்கும் கணிப்பொறிப் பகுதி, திரையைவிட விரைவில் மூப்படையும். அதனைச் சிறு கருவியொன்றை இணைத்துப் பின்னர்ப் புதுப்பிக்கலாம். திரையை அவ்வாறு புதுப்பிக்க இயலாது. வருங்காலத்தைக் காட்டி விற்கப்படும் புதுமைகளிடத்தும் நிதானம் வேண்டும். 2010-ஆம் ஆண்டு, கண்ணாடி அணிந்து பார்க்கும் முப்பரிமாணத் தொலைக்காட்சியே இனி உலகம் என்று பேசப்பட்டது. 2017-ஆம் ஆண்டிற்குள் பெரிய நிறுவனங்கள் அதனைக் கைவிட்டன. அதற்கென மிகுதியாகப் பணம் கொடுத்தோரிடம் எஞ்சியவை அக்கண்ணாடிகளே.

மாணவ மாணவியரே! கடைக்குப் போகுமுன் ஓர் அளவு நாடாவை எடுத்து, வீட்டில் அமரும் இடத்திற்கும் சுவருக்கும் உள்ள தொலைவை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பகலில் எந்தச் சன்னலிலிருந்து வெளிச்சம் வருகிறது என்று பாருங்கள். எத்தனை பேர் எந்தப் பக்கம் அமர்கிறீர்கள் என்று எண்ணுங்கள். கடையில் திரைகள் மிகுந்த பளபளப்போடு காட்டும்படி அமைக்கப்பட்டிருக்கும்; அவற்றில் ஓடும் படமும் அதற்கெனவே எடுக்கப்பட்டது. அதனை நிறுத்திவிட்டு, நீங்கள் வீட்டில் பார்க்கும் அலைவரிசை ஒன்றையும், இருள் நிறைந்த திரைப்படக் காட்சி ஒன்றையும் காட்டச் சொல்லுங்கள். பக்கவாட்டில் நின்றும் பாருங்கள். திரைக்கு எத்தனை ஆண்டு உத்தரவாதம், பழுது பார்ப்பவர் உங்கள் ஊருக்கு வருவாரா என்பதையும் கேளுங்கள். வீட்டின் தேவைக்குப் போதுமான பெட்டியைக் கண்டபின், அதனினும் ஒரு படி உயர்ந்ததைக் காட்டி யாரேனும் அழைத்தால், அந்த ஒரு படி உங்கள் கண்ணுக்குத் தெரிகிறதா என்று மட்டும் பாருங்கள். தெரியவில்லையெனில், மிச்சமான பணத்தைப் பெற்றோரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

மேல்மாடி அறையில் 30 வரிகளில் ஒரு முகத்தைக் கண்டு வியந்தவர்களும், சிற்றூர்த் திடலில் ஒரே பெட்டியின் முன் தரையில் அமர்ந்தவர்களும், அளவையும் புள்ளியையும் பற்றிக் கவலைப்படவில்லை; தொலைவில் நடப்பதைக் காண்கிறோம் என்பதே அவர்களுக்குப் பேரின்பமாக இருந்தது. அவர்கள் நினைத்தும் பாராத திரை இன்று நம் வருவாய்க்குள் வந்துவிட்டது. அதனைக் கடனின்றி வாங்கி, குடும்பத்தார் அனைவரும் ஒருங்கே அமர்ந்து காணும்படி கூடத்தில் வைப்போமாயின், அத்தனை அறிஞர்களின் உழைப்பும் நம் இல்லத்தில் பயன்பட்டதாகும்.